காலி சீட்டும் கூண்டு நாயும்



"மனுஷனுக்கே பஸ்ஸில் சீட் கிடைக்கலை, நாய்க்கு ஏரோப்ளேனா?" இந்தக் கட்டுரையின் பொருளைச் சொன்னதும் என் வகுப்பு நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. சிரித்துவிட்டுப் போய்விடாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் கூட. பதில் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்கள், கைவிடப்பட்ட நாய், பூனைகளை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்திற்கு ஏற்றிக்கொண்டு போய், அவற்றை வளர்க்க முன்வந்த குடும்பங்களிடம் சேர்க்கிறார்கள். கூலி கிடையாது. எரிபொருளும் அவர்கள் செலவே.

எதற்காக இப்படி? நம் ஊரில் நாய் தெருவிலேயே பிறந்து தெருவிலேயே வளரும். ரெண்டு வீட்டில் சோறு போடுவார்கள், ஒரு வீட்டில் கல்லெறிவார்கள். அமெரிக்க நகரங்களில் பெரும்பாலும் அப்படி விடுவதில்லை. திரியும் நாயைப் பிடித்துக் காப்பகத்தில் அடைத்து விடுகிறார்கள். காப்பகத்தில் இருப்பதோ எண்ணிச் சொல்லக்கூடிய கூண்டுகள். புது நாய் வந்தால் பழைய நாய் வெளியேற வேண்டும். அழைத்துப் போக ஆள் வந்தால் வாசல் வழியாக. வராவிட்டால் ஊசி வழியாக! அப்படிக் கொல்லப்படும் நாய், பூனைகள் ஆண்டுக்குச் சுமார் 9 லட்சத்து 20 ஆயிரம் என்று ஏ.எஸ்.பி.சி.ஏ. என்னும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் 2019-இல் மதிப்பிட்டது. அதுவும் முன்பிருந்ததை விடக் குறைந்த கணக்கு!

இதில் வேடிக்கை என்னவென்றால், தெற்கு மாநிலங்களில் கூண்டு நிரம்பி வழிகிறது. வடகிழக்கு மாநிலங்கள் பலவற்றிலோ வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் குட்டி கிடைப்பதில்லை. அங்கே கருத்தடை நெடுநாளாக வழக்கத்தில் இருக்கிறது. இங்கே உயிர் இருக்கிறது, அங்கே வீடு இருக்கிறது. நடுவில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்!

2008-இல் தென் கரோலினாவைச் சேர்ந்த டெபி பாய்ஸ் என்ற பெண்மணி, புளோரிடாவில் இருந்த ஒரு டாபர்மேன் நாயைத் தத்தெடுக்க விரும்பினார். கொண்டு வருவதற்கு வழியில்லை. நண்பர் ஜான் வேரன்பெர்க் ஒரு விமானி. 'நானே போய்த் தூக்கி வருகிறேன்' என்று கிளம்பினார். வேலை முடிந்த பிறகுதான், இப்படி வழியில்லாமல் தவிக்கும் நாய்கள் எத்தனையோ இருக்கின்றன என்பது அவருக்குத் தெரிய வந்தது. இருவரும் சேர்ந்து அந்த ஆண்டே 'பைலட்ஸ் என் பாஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். விமானிகளும் பாதங்களும் என்று பொருள். அதன் பிறகு ஆயிரக்கணக்கான விமானிகள் இதில் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். நாய் யாருடைய சீட்டைப் பிடுங்கியது? ஒருவர் சீட்டையும் இல்லை! அங்கே தனியார் விமானி உரிமம் வைத்திருப்பவர் கூலிக்கு ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் ஓட்டும் பழக்கம் விட்டுப் போகாமல் இருக்க அவர்கள் அடிக்கடி பறந்தாக வேண்டும். அதனால் சனி, ஞாயிறில் பக்கத்து ஊர் விமான நிலையத்திற்குப் பறந்து போய், சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். நாய் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்த விமானம் பறக்கத்தான் போகிறது. பின் சீட் காலி.

என் அப்பா லாரி ஓட்டுகிறவர். அவருக்கு இதை விளக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "ரிட்டன் லோடுன்னு சொல்லு" என்றார். சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பினால் டீசல் காசு நஷ்டம். அதே ஊரில் நம் ஊருக்குச் சரக்கு அனுப்ப ஒருவர் வண்டி தேடிக்கொண்டிருப்பார். இரண்டு பேரையும் சேர்த்து வைப்பவர் புக்கிங் ஆபீஸ்காரர். அவர் லாரி ஓட்டுவதில்லை, மூட்டை தூக்குவதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் லாரியும் காலி, மூட்டையும் தேக்கம். இந்த நாய்ப் பயணத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். பத்திரிகையில் படம் வருவது விமானிக்கும் நாய்க்கும்தான். நான் எழுத வந்தது அந்த மூன்றாமவரைப் பற்றி. அவரை ஒருங்கிணைப்பாளர் என்பார்கள்.

அவருடைய வேலையைக் கொஞ்சம் பாருங்கள். ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவில் ஒரு நாய். நியூயார்க்கில் அதற்கு ஒரு வீடு. நேர்கோட்டில் சுமார் 1,200 கிலோமீட்டர். செஸ்னா 172 என்ற நான்கு சீட் விமானம் அங்கே மிகப் பிரபலம். மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வேகம். ஒரே விமானி போய்த் திரும்புவதென்றால் பகல் முழுக்கப் போதாது. எனவே தூரத்தை மூன்று துண்டாக்கி மூன்று விமானிகளைப் பிடிக்க வேண்டும், தொடர் ஓட்டத்தில் கையிலிருந்து கைக்குக் கட்டை மாறுவதைப் போல. முதல் விமானி ஒரு மணி நேரம் தாமதமானால் மூன்றாமவர் இருட்டில் இறங்க வேண்டி வரும்.

அடுத்தது எடை. செஸ்னா 172 சுமக்கும் மொத்தச் சுமை சுமார் 400 கிலோதான். அதிலேயே எரிபொருள், அதிலேயே விமானி. மிச்சத்தில்தான் நாயும் கூண்டும். "நடுத்தர சைஸ் நாய்" என்று சொல்லி அனுப்பினால் போதாது, கிலோ கணக்குச் சொல்ல வேண்டும். பாரம் பின்பக்கம் அதிகமானால் விமானத்தின் சமநிலையே கெடும். நாம் முதலாண்டில் படித்த திருப்புத்திறன் இங்கே உயிர்க்கணக்கு ஆகிறது!

அப்புறம் காகிதம். மாநில எல்லை தாண்ட மிருக வைத்தியர் கையெழுத்திட்ட உடல்நலச் சான்றிதழைப் பெரும்பாலான மாநிலங்கள் கேட்கின்றன. வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். தெற்கில் கொசு மூலம் பரவும் இதயப்புழு நோய் அதிகம். சோதிக்காமல் அனுப்பினால் நாயோடு நோயும் ஊர் மாறும். போய்ச் சேரும் விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ள ஆள் நிற்கிறாரா? நாய்க்குக் கழுத்துப்பட்டை சரியாக இருக்கிறதா? ஓடுதளத்தில் நழுவி ஓடினால் யார் பிடிப்பது? இத்தனையும் அவர் தலையில்தான்!

இவை எல்லாவற்றையும் விடக் கடினமான வேலை ஒன்று உண்டு. "இன்று வேண்டாம்" என்று சொல்வது. மேகம் இறங்கினாலும், குளிர்காலத்தில் இறக்கையில் பனி உறையும் நிலை வந்தாலும், பலத்த காற்று வீசினாலும் பயணம் நின்றாக வேண்டும். ஆனால் எதிர்ப்பக்கம் பாருங்கள். நாளைக்கு நாயின் கெடு முடிகிறது, புது வீட்டுக்காரர் குழந்தையோடு காத்திருக்கிறார், மூன்று விமானிகள் லீவு போட்டிருக்கிறார்கள். இந்த நெருக்கடியில் "போகலாம்" என்று சொல்ல எல்லோருக்கும் வாய் வரும். 2024 நவம்பரில் மேரிலாந்திலிருந்து ஆல்பனிக்கு மூன்று நாய்களோடு பறந்த ஒரு தன்னார்வ விமானி, நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் விபத்தில் இறந்தார். ஒரு நாயும் இறந்தது. இரண்டு பிழைத்தன. சிறு விமானத்தில் ஆபத்து என்பது ஏட்டுச் சொல் அல்ல.

ஆகவே என் தாழ்மையான கருத்து இதுதான். இத்தகைய சேவையின் தரத்தை எத்தனை நாய் பறந்தது என்று மட்டும் பார்த்து அளக்கக் கூடாது. பறக்க வேண்டாம் என்று தள்ளி வைத்த நாளில் அந்த நாய்க்கு ஒரு தற்காலிக வீடு தயாராக இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். மாற்று ஏற்பாடு கையில் இருக்கும் ஒருங்கிணைப்பாளர்தான் தைரியமாக "இன்று வேண்டாம்" என்பார். விமானிக்கும் மனதில் பாரம் இருக்காது. என் அப்பா சொல்வது போல, "லோடு நாளைக்கும் இருக்கும்டா, டிரைவர் இருக்கணுமே!"

இன்னொரு ஆட்சேபம் உண்டு. தெற்கில் கூண்டைக் காலி செய்தால் அடுத்த மாதம் மறுபடி நிரம்பாதா? நிரம்பும். கருத்தடை நடக்காத ஊரிலிருந்து எத்தனை விமானம் பறந்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான். அதனால் நாயை ஏற்றி அனுப்பும் ஊரிலேயே கருத்தடைக்கும் ஏற்பாடு நடக்க வேண்டும். இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கருத்தடை அடுத்த ஆண்டுக் கூண்டைக் காலியாக்கும். இன்றைக்குக் கூண்டில் இருக்கும் நாய்க்கு இன்றைக்குத்தானே வழி வேண்டும்?

நாய் முக்கியமா, மனிதன் முக்கியமா என்று பிரித்துப் பேசுவதற்கும் ஒரு பதில் உண்டு. 2005-இல் கத்ரீனா புயலில், வளர்ப்புப் பிராணிகளை விட்டு வர மனமில்லாமல் பலர் வெள்ளத்திலேயே தங்கிவிட்டார்கள். மறு ஆண்டே, பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. நாயைக் காப்பாற்ற வழி செய்தால்தான் அதை வளர்க்கும் மனிதனும் படகில் ஏறுகிறான்!

நண்பர்களே, நம்மிடம் விமானம் இல்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். நல்ல மனசுக்கு எந்த ஊரிலும் பஞ்சம் இல்லை. ரத்தம் கொடுக்கத் தயாராய் ஒருவன் ஹாஸ்டலில் தூங்கிக்கொண்டிருப்பான், ரத்தம் கிடைக்காமல் ஒரு தாய் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். படித்து முடித்த புத்தகம் ஒருவன் பெட்டியில் கிடக்கும், வாங்க வசதியில்லாத ஜூனியர் அடுத்த அறையில் இருப்பான். பஞ்சம் இரண்டையும் சேர்த்து வைக்கும் ஆளுக்குத்தான். அந்த ஆளுக்கு மேடை கிடையாது, மாலை கிடையாது, ஒரு நோட்டும் பேனாவும் பொறுமையும்தான் மூலதனம். அடுத்த ஆண்டு மாணவர் மன்றத்தில் பொறுப்புக்கு வரப்போகிறவர்கள் விழா நடத்த ஆள் தேடுவதற்கு முன், இந்த வேலைக்கு ஓர் ஆளை நியமிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொடுக்கும் கை பெரிதுதான். அதை வாங்கும் கையோடு கோர்த்து வைக்கும் கை அதனினும் பெரிது!

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை