சிறகு நமது, எஞ்சின் யாருடையது?

போர் விமானம் என்றதும் நம் கண்முன் நிற்பவை அதன் சிறகும் அதை ஓட்டும் வீரனின் மிடுக்கும்தான். எஞ்சினை நினைப்பார் இல்லை. இரண்டாம் உலகப் போரையொட்டி ஜெட் எஞ்சின் பிறந்த கதையைப் படித்தால், ஒரு நாட்டின் வலிமையே அந்த எஞ்சினுக்குள் செந்தணலாய்ச் சுழலும் சிறு தகடுகளில் அடங்கியிருப்பது புலனாகும்.

இங்கிலாந்தின் பிராங்க் விட்டில், தொழில் பழகும் சிறுவனாக விமானப் படையில் சேர்ந்தவர். உயரம் போதாதென்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டவர். 1930-இல், தம் 22-ஆம் வயதில், ஜெட் எஞ்சினுக்குக் காப்புரிமை கோரினார். 1935-இல் அதைப் புதுப்பிக்க 5 பவுண்டு கட்ட வேண்டும். கையில் பணமில்லை. அரசும் கட்ட மறுத்தது. உரிமை காலாவதியாயிற்று! தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளன்று வட்டிக்கு வாங்கி வரும் தந்தையரைப் பெற்ற நமக்கு, அந்த 5 பவுண்டின் கனம் விளங்காதா என்ன? என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

1937 ஏப்ரலில் விட்டிலின் எஞ்சின் சோதனை மேடையில் ஓடியது. ஆயினும் வானில் முந்தியவர் ஜெர்மானியரே. ஓஹைனின் எஞ்சின் பூட்டிய ஹெயின்கல் விமானம் 1939 ஆகஸ்ட் 27-இல் பறந்தது. விட்டிலின் எஞ்சின் 1941 மே மாதத்தில்தான் வானேறியது.

முந்தியவர் நிலைத்தாரா? அங்கேதான் பாடம் இருக்கிறது. ஜெர்மனியில் நிக்கலுக்குப் பஞ்சம். யூமோ 004 எஞ்சினின் எரியறைகளைச் சாதாரண எஃகில் செய்து அலுமினியம் பூசினர். அந்த எஞ்சின் 10 முதல் 25 மணி நேரம் ஓடினாலே பெரிது. இங்கிலாந்திலோ, நிக்கலும் குரோமியமும் சேர்ந்த நிமோனிக் என்னும் கலவை தகடுகளுக்குக் கிடைத்தது. எண்ணம் ஒன்றுதான், உலோகம் வேறு.

அந்நாளில் நம் நாடு என்ன செய்தது? 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1943-இல் அது அமெரிக்கப் படையின் கைக்குப் போய், பழுது பார்க்கும் பட்டறையாயிற்று. பிரித்துத் துடைத்துப் பூட்டுவதில் நம்மவர் தேர்ந்தனர். படைக்கும் வாய்ப்பு வரவில்லை. அதன் விளைவைப் பின்னர் கண்டோம். 1961 ஜூன் 17-இல் பறந்த நம் மாருத் விமானம், ஒலியை முந்துவதற்கென்றே வரையப்பட்டது. அதற்கென எண்ணியிருந்த எஞ்சினை இங்கிலாந்து கைவிட்டது. வலுக் குறைந்த ஆர்ஃபியஸைப் பூட்டினோம். நேர்மட்டப் பறத்தலில் மாருத் ஒலியை முந்தவேயில்லை. காவேரி எஞ்சின் திட்டத்துக்கு 1989-இல் ஒப்புதல் கிடைத்தது. 2008-இல் அது தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. இன்றும் தேஜஸ் பறப்பது அமெரிக்க எஞ்சினால்தான்.

"காசு கொடுத்தால் கிடைக்கும் பொருளுக்கு ஏன் இத்தனை பாடு?" என்பார் உண்டு. விற்பவன் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு மாருத்தே சாட்சி. நம்மால் ஆகாது என்பாருக்கு என் விடை, நம் ஜவ்வாது மலைக் காவலூரில் நிற்கிறது. 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடியைப் பெங்களூரில் நம்மவரே தேய்த்து மெருகேற்றினர். அதன் இரும்புடல் உருவானது வால்சந்த்நகர் ஆலையில். ஆம், விமானத் தொழிற்சாலை கண்ட அதே வால்சந்தின் பெயர் தாங்கிய ஊர்! அதற்கு வித்திட்ட வைணு பாப்பு 1982-இலேயே மறைந்தார். பணி நிற்கவில்லை.

இயற்பியல் மாணவர் நாம் யங் குணகத்தை ஒரு பிற்பகலில் கண்டு, பதிவேட்டில் கையொப்பம் வாங்கி, மறந்துவிடுகிறோம். சூட்டில் பாரம் தாங்கும் உலோகம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகும். எஞ்சின் தகட்டின் எமன் அதுதான். ஈயமோ அறைச் சூட்டிலேயே அப்படி நீளும். ஆகவே, ஆய்வகத்தில் ஓர் ஈயக் கம்பியில் எடையைத் தொங்கவிட்டு, ஒரு பருவம் முழுதும் நாள்தோறும் அதன் நீளத்தைக் குறிக்க இடம் கேட்கிறேன். ஒரு கொக்கியும், சில எடைக்கற்களும், சுவரில் ஓர் அளவுகோலும் போதும். இரண்டாம் ஆண்டில் என்னோடு சேர்ந்து முறைபோட்டு அளக்க நான்கு பேர் இருக்கின்றனர்.