வென்ற பணத்தில் வந்த புடவை

 

2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களில், நசரத்பேட்டையில் உள்ள எங்கள் மதரஸாவுக்கு ஒரு தாய் வந்தார். "ஹஜ்ரத், என் மகன் ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்குப் போகும் வண்டியில் செல்போனில் பணம் கட்டி ரம்மி ஆடுகிறான். வென்ற பணத்தில்தான் எனக்குப் பெருநாள் புடவை எடுத்தானாம். இப்போது மருமகளின் வளையல் அடகுக்கடையில் இருக்கிறது. அந்தப் புடவையை உடுத்தித் தொழுதுவிட்டேனே, என் தொழுகை கூடுமா?" என்று கண்கலங்கினார்.

மகனை அழைத்துக் கேட்டேன். "ரம்மி திறமை ஆட்டம் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டதே, ஹஜ்ரத்!" என்றார்.

சட்டம் ஆகுமாக்கியதெல்லாம் மார்க்கத்தில் ஆகுமானதாகிவிடுமா? 1968இல் தமிழக அரசே பரிசுச் சீட்டைத் தொடங்கியது. 2003இல் அரசே அதைத் தடை செய்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மனிதர் சட்டம் இவ்வாறு மாறும்; அல்லாஹ்வின் விலக்கல் மாறுவதில்லை.

திருக்குர்ஆன் (5:90) மதுவோடு சூதையும் சேர்த்து ஷைத்தானின் செயல் என விலக்குகிறது. பகைமையை மூட்டுவதும் தொழுகையை மறக்கச் செய்வதும் அதன் தீங்குகள் என அடுத்த வசனம் உணர்த்துகிறது. சூதில் சில பயன்கள் உண்டென்பதை இறைமறை (2:219) மறைக்கவில்லை. பயனைவிடப் பாவமே பெரிது என்கிறது. அந்தப் புடவை பயன் என்றால், அடகில் கிடக்கும் வளையல் எது?

திறமை இருப்பதால் மட்டும் சூது நீங்கிவிடாது. மதரஸாவின் ஓட்டப் பந்தயத்தில் ஜமாஅத்தார் பரிசளித்தால் அது கூடும். ஓடும் பிள்ளைகளிடமே ஆளுக்குப் பத்து ரூபாய் வாங்கி, முந்தியவனிடம் கொடுத்தால் கூடாது. அங்கே ஒருவனின் இழப்பே மற்றவனின் ஆதாயமாகிறது.

'வா, சூதாடுவோம்' என்று தோழனை அழைத்தவர்கூட அதற்காகத் தர்மம் செய்யட்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். புகாரி, முஸ்லிம் நூல்களில் இது பதிவாகியுள்ளது. நண்பரைச் சேர்த்துவிட்டால் ஊக்கத்தொகை என்ற ஆசையில் அழைப்பு அனுப்பியோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

அத்தாயிடம் சொன்னேன்: "அம்மா, நீங்கள் அறியாமல் உடுத்தினீர்கள், உங்கள் தொழுகை கூடிவிட்டது. இனி அப்புடவையை ஓர் ஏழைக்குக் கொடுத்துவிடுங்கள். நன்மையை எதிர்பார்த்தல்ல, கை கழுவும் எண்ணத்தோடு."

மகனிடம் சொன்னது: "விட்டதைப் பிடிக்க இன்னுமோர் ஆட்டம் என்பதே ஷைத்தானின் வலை. ஆட்டத்தை விடுங்கள், வருந்துங்கள், மீண்டும் தொடுவதில்லை என உறுதி கொள்ளுங்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து மனைவியின் வளையலை மீட்டுக் கொடுங்கள். அடுத்தவர் உரிமையைத் திருப்பித் தராமல் தவ்பா நிறைவாகாது."

பெற்றோரே! பிள்ளை தரும் அன்பளிப்பை மகிழ்வோடு வாங்குங்கள். அது எவ்வழியில் வந்தது என்று அன்போடு ஒரு வார்த்தையும் கேளுங்கள். ஹலாலான உணவையும் உடையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.