இறக்கிய எண்ணெய் எங்கே போகிறது?



புதிய கார் ஒன்று வீட்டிற்கு வந்தால், அதை நேரே கோயிலுக்குக் கொண்டு சென்று, பங்குத் தந்தையின் கையால் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த பின்னரே ஓட்டத் தொடங்குவது நம் குடும்பங்களில் வழங்கிவரும் நல்ல வழக்கம். முன்கண்ணாடியருகே செபமாலை தொங்குகிறது. புறப்படுமுன் சிலுவை அடையாளம் வரைந்துகொள்கிறோம். இவை யாவும் போற்றத்தக்கனவே. ஆயினும், அந்த வண்டியின் பானெட்டைத் திறந்து உள்ளே எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? இறைவனின் காவலை வேண்டுகிற நாம், நம் கையால் செய்யக்கூடிய காவலையும் செய்வதன்றோ முறை!

காரின் என்ஜின் எண்ணெயையும் எண்ணெய் பில்டரையும் வீட்டிலேயே மாற்றும் வகையை இம்மாதம் காண்போம். இது கடினமான வேலையன்று. ஒரு முற்பகல் போதும். ஆனால் இரண்டு இடங்களில் கவனம் தவறினால் தீங்கு பெரிது. ஒன்று, வண்டியின் அடியில் படுப்பவரின் உயிர். மற்றொன்று, இறக்கிய பழைய எண்ணெய் சென்று சேரும் இடம். முன்னதைப் பலரும் அறிவர். பின்னதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

எண்ணெய் ஏன் கெடுகிறது?

என்ஜின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது, அதனுள் இருக்கும் ஒவ்வொரு பிஸ்டனும் அந்த ஒரு நிமிடத்தில் 6,000 முறை மேலும் கீழுமாக ஓடுகிறது. உலோகத்தோடு உலோகம் நேரே உரசாமல் நடுவே நின்று காப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம். உராய்வைக் குறைப்பதோடு எண்ணெயின் பணி முடிவதில்லை. அது வெப்பத்தை வாங்கி வெளியே கடத்துகிறது, கரியையும் பொடியையும் சுமந்து வருகிறது, துருப்பிடிக்காமல் காக்கிறது.

இவ்வளவையும் செய்கின்ற எண்ணெய் நாளடைவில் அழுக்கடைகிறது. எரிபொருளின் கரி, எரியாது கசியும் பெட்ரோல், எரிதலில் பிறக்கும் நீராவி ஆகிய யாவும் அதில் கலக்கின்றன. எண்ணெயில் சேர்க்கப்பட்டுள்ள காப்பு மருந்துகளும் செலவாகித் தீர்கின்றன.

இங்கே நம் குடும்பங்கள் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வாரம் முழுதும் நிழலில் நின்று, ஞாயிறு திருப்பலிக்கு மட்டும் இரண்டு மூன்று கிலோமீட்டர் சென்று திரும்பும் கார் நம்மிடையே பல. ‘ஓடவே இல்லையே, எண்ணெய் எப்படிக் கெடும்?’ என்று வினவுவார்கள். உண்மை இதற்கு மாறானது. குறுகிய ஓட்டத்தில் என்ஜின் நன்கு சூடேறுவதில்லை. ஆகவே எண்ணெயில் கலந்த நீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் அதிலேயே தங்கிவிடுகின்றன. இதனாற்றான் கார் நிறுவனங்கள் தூரத்தோடு காலத்தையும் சேர்த்துச் சொல்கின்றன. இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றிற்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அது, என்பது கணக்கு. உங்கள் வண்டிக்குரிய கணக்கை அதனுடன் வந்த கையேட்டில் காண்க. மின்சாரக் கார் வைத்திருப்போர்க்கு இவ்வேலையே இல்லை.

பில்டரின் கதை

தொடக்க காலக் கார்களில் எண்ணெயை வடிகட்டும் ஏற்பாடு கிடையாது. சில நூறு மைல்களுக்கு ஒருமுறை எண்ணெயையே மாற்றி வந்தனர். 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எர்னெஸ்ட் ஸ்வீட்லேண்டும் ஜார்ஜ் கிரீன்ஹால்கும் என்ஜின் எண்ணெய்க்கு ஒரு வடிகட்டியை அமைத்து, அதற்குப் ‘பியூரோலேட்டர்’ என்று பெயரிட்டனர்.

இன்றைய பில்டருள் மடித்து மடித்து வைத்த தாள் இருக்கிறது. அது அடைபட்டுப் போனால் எண்ணெய் ஓட்டம் நின்று என்ஜின் பாழாகாதிருக்க, ஒரு சிறிய வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயையே உள்ளே விடுகிறது. ஓட்டுபவருக்கு எந்த எச்சரிக்கையும் தெரியாது. வண்டி வழக்கம்போல் ஓடும். அழுக்கு எண்ணெய் உள்ளே சுற்றிக் கொண்டிருக்கும். ஆதலால் புது எண்ணெய் ஊற்றிப் பழைய பில்டரை விட்டுவைப்பது சிக்கனமாகாது.

செய்யும் முறை

முதலில் கையேட்டில் குறித்துள்ள தர எண்ணைப் பார்த்து எண்ணெய் வாங்குக. ‘5டபிள்யூ-30’ என்பதுபோல் அது இருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன் எண் குளிர்ந்த நிலையிலும், பின் எண் சூடான நிலையிலும் எண்ணெயின் கட்டித்தன்மையைக் காட்டுகிறது. ‘நம் ஊர் வெயிலுக்குக் கட்டியான எண்ணெய்தான் நல்லது’ என்று அறிந்தவர்போல் சொல்வோர் பேச்சைவிட, வண்டியைச் செய்தவன் அச்சிட்டுத் தந்த எண்ணே நம்பத்தக்கது. வாரன்டி முடியாத வண்டியாயின் அதன் நிபந்தனைகளையும் முன்னரே படித்துவிடுக. வாங்கிய ரசீதுகளைக் காத்து வைக்க.

என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துக. எண்ணெய் இளஞ்சூடானால் அழுக்கோடு சேர்ந்து எளிதாக இறங்கும். கொதிக்கும் சூட்டில் கை வைக்கலாகாது. வண்டி சமதளமான, கெட்டியான தரையில் நிற்கட்டும். கை பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் விட்டு, பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்க வேண்டும்.

இனிச் சொல்வதைக் குடும்பத்தார் அனைவரும் கேட்க. ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கே அன்றி, தாங்கி நிற்பதற்கன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். எடை தாங்குவதற்கென்றே செய்த இரும்பு ஸ்டாண்டுகளை, கையேடு காட்டும் இடங்களில் வைத்து, வண்டியை அவற்றின்மேல் இறக்கி, கையால் அசைத்துப் பார்த்த பின்னரே படுக்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முன்னறிவிப்பின்றி நொறுங்கக் கூடியவை. ஸ்டாண்டு இல்லாத வீட்டில் இவ்வேலையைச் செய்யவே வேண்டாம், பணிமனைக்குச் செல்க. அதில் வெட்கமில்லை. தனியாளாய் இருக்கும்போதும் செய்யாதீர்கள். கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்கட்டும். சிறுவர் அருகில் வராதிருக்கட்டும்.

கையுறை அணிந்து, மேலே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். அடியில் அகன்ற தட்டை வைத்து, எண்ணெய்த் தொட்டியின் அடிப்போல்ட்டைச் சரியான அளவு ஸ்பானரால் தளர்த்திக் கையால் கழற்றுக. கால் மணி நேரம் வடியட்டும். பிறகு புது வாஷரிட்டுப் போல்ட்டை முதலில் கையாலேயே சில சுற்றுத் திருக வேண்டும். மரை கோணலாக ஏறினால் தொட்டியே வீணாகும். ஸ்பானரால் இறுக்கும்போதும் அளவு வேண்டும். பல கார்களில் தொட்டி அலுமினியத்தால் ஆனது. முரட்டுக் கைக்கு அதன் மரை தாங்காது.

அடுத்து, பழைய பில்டரைக் கழற்றுக. அதன் ரப்பர் வளையம் அதனோடு வந்துவிட்டதா என்று பார்ப்பது மிக இன்றியமையாதது. பழைய வளையம் என்ஜினில் ஒட்டியிருக்க, அதன்மேல் புதியது அமர்ந்தால், வண்டி ஓடும்போது எண்ணெய் முழுவதும் பீறிட்டு வெளியேறிவிடும். புதிய வளையத்தில் சிறிது புது எண்ணெய் தடவிக் கையாலேயே திருகி, வளையம் பொருந்திய பின் முக்கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் போதும். பில்டரின் மேலேயே அளவு அச்சிட்டிருக்கும். சில கார்களில் தாள் உருளை மட்டும் மாறும். அவற்றிற்குக் கையேடே வழிகாட்டி.

பின்னர்ப் புனல் வைத்து எண்ணெய் ஊற்றுக. சிறு கார்களுக்கு ஏறக்குறைய 3 முதல் 4 லிட்டர் பிடிக்கும். சரியான அளவு கையேட்டில் உண்டு. சற்றுக் குறைவாகவே ஊற்றி, என்ஜினை ஒரு நிமிடம் ஓடவிடுக. சிவப்பு எண்ணெய் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிடில் உடனே நிறுத்துக. அடியில் கசிவு இல்லையெனில், வண்டியைத் தரையில் இறக்கி, சில நிமிடம் பொறுத்து, எண்ணெய்க் கோலைத் துடைத்து இட்டுப் பாருங்கள். மேல் கீழ்க் கோடுகளுக்கு இடையே அளவு நிற்க வேண்டும். குறைவு எவ்வளவு தீதோ, மிகையும் அவ்வாறே. மிகுந்த எண்ணெய் உள்ளே கடையப்பட்டு நுரையாகிவிடும்.

அச்சிவப்பு விளக்கைப் பற்றி மேலும் ஒரு சொல். அது எண்ணெயின் அழுத்தம் விழுந்ததைக் காட்டுவது. பயணத்தின் நடுவே அது எரிந்தால், ‘ஊருக்குப் போய்ப் பார்த்துக் கொள்ளலாம்’ என்று ஓட்டுவது என்ஜினைக் கொல்வதாகும். ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்துவிடுங்கள்.

பழைய எண்ணெயின் வழி

கை கழுவியாயிற்று, வண்டி ஆயத்தம். தட்டிலே நான்கு லிட்டர் கருப்பு எண்ணெய் நிற்கிறது. பெரும்பாலும் பிழை நேர்வது இங்கேதான். சாக்கடையில் ஊற்றுகிறார்கள், தென்னை மரத்தடியில் கொட்டுகிறார்கள், புழுதி அடங்க முற்றத்தில் தெளிக்கிறார்கள், கறையான் வராதிருக்க நிலைக்கும் வேலிக் கம்பத்திற்கும் பூசுகிறார்கள். தாத்தா காலத்து வழக்கமென்று சொல்வதுமுண்டு.

அந்த எண்ணெயில் ஈயம் முதலிய உலோகங்களும், எரிதலில் பிறந்த நச்சுப் பொருள்களும் கலந்திருக்கின்றன. அடிக்கடி நெடுநேரம் தோலில் பட்டால் தோல்நோயும் புற்றுநோயும்கூட வரலாம். மழையோடு மண்ணில் இறங்கினால் கிணறும் ஆழ்துளைக் குழாயும் தப்புவதில்லை. ஒருமுறை மாற்றிய எண்ணெய் 10 இலட்சம் காலன், அதாவது ஏறத்தாழ 38 இலட்சம் லிட்டர், நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் காப்பு முகமை கூறுகிறது. நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பயன்படுத்திய எண்ணெயை அபாயகரக் கழிவென்றே வகுத்துள்ளன. அதை மறுசுழற்சி செய்வோர் மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றிருக்க வேண்டும்.

இதைத் தூக்கி எறிவது அறியாமை மட்டுமன்று, வீணும் ஆகும். எண்ணெயின் பெரும்பகுதி தேய்வதில்லை, அழுக்கே அடைகிறது. நீரையும் எரிபொருளையும் காய்ச்சிப் பிரித்து, வெற்றிட நிலையில் வடித்தெடுத்தால் மீண்டும் நல்ல எண்ணெயாகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது சிறிதே. ஆறிய எண்ணெயை, புது எண்ணெய் வந்த டப்பாவிலேயே ஊற்றி இறுக மூடி, ‘பழைய எண்ணெய்’ என்று எழுதி வையுங்கள். குடிநீர்ப் புட்டியில் ஊற்றாதீர்கள்; குழந்தைகள் கையில் அது நஞ்சாகும். பெட்ரோல், பெயின்ட், பிரேக் ஆயில் எதுவும் அதில் கலக்கலாகாது. கலந்தால் சுத்திகரிப்பதற்கு உதவாது. பழைய பில்டரை ஓர் இரவு கவிழ்த்து வைத்து வடிய விடுக. தரையில் சிந்தியதை மரத்தூள் தூவி அள்ளுக. பின், பழைய எண்ணெயைப் பீப்பாயில் சேர்த்து அனுமதி பெற்ற ஆலைக்கு அனுப்பும் பணிமனையில் கொண்டுபோய்க் கொடுங்கள். ‘இதை யாரிடம் தருகிறீர்கள்?’ என்று கேட்கத் தயங்காதீர்கள். வேண்டாத டப்பாக்களைப் பழைய சாமான் கடைக்குப் போடுமுன் துளையிட்டுப் பெயர்ச் சீட்டைக் கிழித்துவிடுங்கள். போலி எண்ணெய் அடைப்போர்க்கு அவை உதவாதிருக்கும்.

மேதகு ஆயர் புனித வாரத்தில் புதிய எண்ணெய்களை மந்திரித்தளிக்கும்போது, சென்ற ஆண்டின் எண்ணெயைக் கண்ட இடத்தில் ஊற்றுவதில்லை. முறைப்படி எரித்துவிடுவது திருச்சபையின் மரபு. காரின் எண்ணெய்க்கு அத்தகைய புனிதம் இல்லைதான். ஆயினும், பயன்முடிந்த பொருளுக்கும் உரிய இடமொன்று உண்டு என்பதை அம்மரபு நமக்குக் கற்பிக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலும், பயன்படுத்தி எறியும் பழக்கத்தைக் கண்டித்து, படைப்பைப் பேணுவதை ஒவ்வொருவரின் கடமையாகக் காட்டியது. அந்தப் பெரிய கடமை நம் வீட்டு முற்றத்தில் இந்த நான்கு லிட்டராக வந்து நிற்கிறது.

ஒரே அன்பியத்தைச் சேர்ந்த கார் வைத்திருப்போர், ஒரு நல்ல பணிமனையுடன் பேசி, தத்தம் பழைய எண்ணெயை ஒரே நாளில் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். மே முதல் நாள், தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள், இதற்குப் பொருத்தமானது; ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கும் நினைவில் நிற்கும். அன்று வளர்ந்த பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் குறிப்பேட்டில் எழுதும் வேலையை அவர்களிடமே ஒப்படையுங்கள். அதே வரியில், பழைய எண்ணெயை எங்கே கொடுத்தோம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.