காவியத் தலைவனும் நடுவரும்

வருசநாட்டு மலையில் தோன்றும் வையை, கடமலைக்குண்டைக் கடந்தே மதுரை நோக்கிச் செல்கிறது. அம்மதுரையில் கண்ணகி வழக்குரைத்ததை இளங்கோவடிகள் வாயிலாக நாம் அறிவோம். கூடலூரை அடுத்த மங்கலதேவி மலையில் அவளுக்குக் கோட்டமும் உண்டு; சித்திரை முழுமதி நாளில் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் மலையேறி வழிபடுவர். இம்மண்ணின் மாணவர்க்கு வழக்குமன்றக் காட்சி புதிதன்று.

காவியத் தலைவரைக் கூண்டில் நிறுத்துவதும் தமிழர்க்குப் பழக்கமே. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தோற்றுவித்தார். கம்பன் விழா மேடைகளில், வாலியை மறைந்து நின்று எய்த இராமன்மீது பலமுறை வழக்காடியுள்ளனர். ஆயினும் இராமன் பலர்க்குத் தெய்வம். வாதம் தொடங்குமுன்னரே நடுவரின் நெஞ்சம் சாய்ந்துவிடக்கூடும். ஆதலின், பயிலும் மாணவர்க்கு அயல்நாட்டுத் தலைவன் ஒருவனே ஏற்றவன் என்பது எம் கருத்து.

நம் முன்னோர் யவனர் என்றழைத்த கிரேக்கரின் காவியத் தலைவன் ஒடிசியஸ், கடமலைக்குண்டு வகுப்பறை ஒன்றில் கூண்டேறுவதாகக் கொள்வோம். போரில் 10 ஆண்டுகளும் வழியில் 10 ஆண்டுகளும் கழித்து அவன் நாடு திரும்புகிறான். அவன் மனைவியை மணக்க விழைந்த 108 பேர், அவன் மனையிலேயே தங்கி அவன் பொருளை உண்டு அழிக்கின்றனர். அவன் மகனைக் கொல்லவும் சூழ்கின்றனர். இரவலன் கோலத்தில் நுழைந்த ஒடிசியஸ் அவர்களைக் கொன்று குவிக்கிறான். இரு திறத்தாரும் பெரும்பாலும் இவ்விடத்திலேயே பொழுதைக் கழிப்பர். இழப்புக்கு ஈடு தருவதாக அவர்களுள் ஒருவன் வேண்டியும் இவன் மறுத்தது மெய்யே. எனினும், கொலை சூழ்ந்தவரைக் கொன்றான் என்னும் வாதமே வலியது.

வழக்கின் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது. அம்மனையின் 50 பணிப்பெண்களுள் 12 பேர் பகைவரோடு கூடினர் என்று முதிய செவிலி சுட்டுகிறாள். ஒடிசியஸ் அப்பெண்களைக்கொண்டே பிணங்களை அகற்றுவித்துக் கூடத்தையும் கழுவச்செய்து, பின்னர்க் கொல்லுமாறு மகனை ஏவுகிறான். மகன் அவர்களைத் தூக்கிலிடுகிறான். அடிமைப் பெண், மனையில் தங்கிய வலியவரை மறுத்துரைக்க இயலுமா? இவ்வினாவை அங்கு எவரும் எழுப்பவில்லை.

அக்கால வழக்கம் அது எனச் சிலர் வாதிடுவர். அது போதாது. அதே கூடத்தில் பாணன் பெமியஸ் தன் நிலையை எடுத்துரைத்தே உயிர் பிழைத்தான். சொல்லைக் கேட்டு விடுவிக்க ஒடிசியஸ் அறிந்திருந்தான். பெண்களிடம் மட்டும் கேட்கவில்லை.

பாண்டியன் செய்த பிழையும் இதுவே. பொற்கொல்லன் சொல்லை நம்பியவன் கோவலனை அழைத்து வினவவில்லை. ஆனால் கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது தன் குற்றத்தைத் தானே உணர்ந்து உயிர் துறந்தான். ஒடிசியஸ் அப்பன்னிருவரை எண்ணி வருந்தியதாக ஹோமர் பாடவில்லை. 108 பேரைக் கொன்ற குற்றத்திலிருந்து அவனை விடுவிப்பேன். பன்னிருவர் பொருட்டுக் குற்றவாளி என்பேன். அவனுக்காகத் திறம்பட வாதாடித் தோற்ற மாணவனுக்கே முதற்பரிசு செல்லினும் தவறில்லை.

தீர்ப்புரைக்குமுன் நடுவர் வகுப்பை நோக்கி ஒன்று கேட்டல் வேண்டும்: அப்பன்னிரு பெண்கள் சார்பில் பேச இங்கு எவரேனும் உளரா?