சீமைக்கருவேலத்தை வெட்டியாச்சு... அப்புறம்? அந்நியச் செடிகளை ஒழிக்க அரசு என்ன செய்கிறது?

கண்மாய்க்குள் ஜேசிபி இறங்குகிறது. சில நாளில் சீமைக்கருவேலம் காலி, ஊரே பளிச்சென்று தெரிகிறது. அடுத்த மழை முடிந்ததும் அதே இடத்தில் மறுபடியும் முள்! தென்மாவட்டக்காரர்களுக்கு இது பழகிய காட்சி. சட்டம், கொள்கை, இயந்திரம், ஆராய்ச்சி நிலையம் என அரசிடம் எல்லாமே இருக்கும்போது இந்தச் செடிகள் ஏன் திரும்பத் திரும்ப ஜெயிக்கின்றன?

வெளிநாட்டுச் செடி என்றாலே ஆபத்தா?

இல்லை. மிளகாயும் தக்காளியும்கூட வெளிநாட்டிலிருந்து வந்தவைதான். யாரும் நடாமலே பரவி, உள்ளூர்த் தாவரங்களை விரட்டிவிட்டு இடத்தைப் பிடிப்பவைதான் பிரச்சினை. கண்மாயில் சீமைக்கருவேலம், காட்டில் உண்ணிச்செடி, வயலில் பார்த்தீனியம், ஏரியில் ஆகாயத்தாமரை என்று நம்ம ஊரிலேயே பட்டியல் நீளம். இப்படிப்பட்ட அந்நிய உயிரினங்களால் உலகத்துக்கு ஆண்டுக்கு 423 பில்லியன் டாலருக்கும் மேல் இழப்பு என்று பல்லுயிர் குறித்த ஐ.பி.பி.இ.எஸ் அமைப்பு 2023-ல் கணக்குச் சொன்னது.

சட்டம் இருக்கிறதா?

நூறு வருஷமாக இருக்கிறது. 1919-ல் வந்த சென்னை வேளாண் பூச்சிகள், நோய்கள் சட்டம் தீங்கான களைகளையும் சேர்த்தே பேசுகிறது. ஒரு செடியை அரசு அதன்கீழ் அறிவித்துவிட்டால், அதை அகற்றுவது நிலத்தை வைத்திருப்பவரின் கடமை ஆகிவிடும். இறக்குமதியாகும் தானியத்தோடு களை விதை வராமல் தடுக்க, 2003-ம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தம், அந்நிய ஊடுருவல் இனங்களின் இறக்குமதி, வணிகம், பரவல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது.

இந்தச் சட்டங்கள் கதவைச் சாத்துபவை. ஆனால் உண்ணிச்செடி உள்ளே வந்து இருநூறு வருஷம் ஆகிறது. சீமைக்கருவேலம் 1870-களிலேயே வந்துவிட்டது. வீட்டுக்குள் வந்துவிட்டதை வெளியேற்றும் வேலை மாநில அரசின் தலையில்தான்.

தமிழ்நாடு என்ன செய்தது?

சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை போட்ட உத்தரவால் 2017-ல் மாவட்டம் மாவட்டமாக வேலை நடந்தது. அதே ஆண்டு இடைக்காலத் தடை, ஆய்வுக்குழு என்று வழக்கு திரும்பியது. பிறகு பணி தொடர்ந்தது. 2022-ல் மாநில அரசு அந்நியத் தாவரங்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. அகற்றுவதோடு சூழல் மீட்டெடுப்பையும் அந்தக் கொள்கை தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது முக்கியம். காடுகளில் பரவிய சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரங்களைக் காகிதக் கூழுக்காக வெட்ட, அரசு நிறுவனமான டி.என்.பி.எல் களமிறக்கப்பட்டது. கூடலூர் பகுதியில் பழங்குடி மக்கள் உண்ணிச்செடியின் தண்டில் ஆளுயர யானைச் சிற்பங்களே செய்கிறார்கள்.

யாரிடம் போய்க் கேட்பது?

குழப்பம் ஆரம்பிப்பதே இங்கேதான். செடி ஒன்றுதான், ஆனால் நிலத்துக்கு ஏற்ப பொறுப்பாளர் மாறுகிறார்.

• காப்புக்காடு: வனத்துறை.
• 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்: பொதுவாக நீர்வளத்துறை. அதைவிடச் சிறியது என்றால் ஊராட்சி ஒன்றியம்.
• பட்டா நிலம்: உரிமையாளர்தான். ஆனால் வேளாண் பொறியியல் துறையிடம் இயந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம், உழவன் செயலியில் பதிவு செய்யலாம்.
• வயல் களைகள்: வேளாண் விரிவாக்க மையம். களை ஆராய்ச்சிக்கென்றே ஜபல்பூரில் மத்திய இயக்குநரகம் இருக்கிறது, அதன் கூட்டுத் திட்டத்தில் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் உண்டு.

கண்மாய் ஒரு துறை, கரை தாண்டினால் இன்னொரு துறை, பக்கத்தில் பட்டா. ஒருவர் சுத்தம் செய்து இன்னொருவர் சும்மா இருந்தால் விதை எல்லை பார்க்காது. சீமைக்கருவேலக் காயைத் தின்ற ஆடு சாணத்தோடு அதை ஊர் முழுக்க விதைத்துவிடும்.

வெட்டியும் ஏன் திரும்ப வருகிறது?

சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கும், வேரோடு பிடுங்கணும். உண்ணிச்செடியை மண்ணுக்குக் கீழே வேர்க்கழுத்தில் வெட்டி, தூரைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். அதன் பிறகும் மண்ணில் கிடக்கும் விதைகள் ஆண்டுக்கணக்கில் முளைத்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் டெண்டர் வெட்டுவதோடு முடிகிறது. எத்தனை ஏக்கர் வெட்டினோம் என்பது அறிக்கையில் வரும், மூன்று வருஷம் கழித்து அங்கே என்ன நிற்கிறது என்பது வராது. காலி இடத்தில் உள்ளூர்ப் புல்லும் மரமும் பிடிக்கவில்லை என்றால், முதலில் வருவது பழைய விருந்தாளிதான்.

பிழைப்பு போகிறவர்கள்?

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இந்த மரம்தான் வருமானம். மழை பொய்த்த வருஷத்தில் சோறு போட்டதும் இதுதான். 'ஆக்ஸிஜனே விடாத மரம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது கட்டுக்கதை. தண்ணீர் நிற்க வேண்டிய கண்மாயை அது அடைப்பது நிஜம். எனவே நீர்நிலை, காடு, விளைநிலம் எனத் தேர்ந்தெடுத்து அகற்றி, மாற்று வேலைக்கும் வழி செய்வதே நியாயம்.

உங்கள் ஊரில் அடுத்த முறை ஜேசிபி வரும்போது, கிராம சபையில் இரண்டு கேள்வி கேளுங்கள். அடுத்த மூன்று வருஷம் முளைப்பதைப் பிடுங்கப் போவது யார்? அந்தப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது? பதில் இல்லை என்றால், அதே கண்மாயை மறுபடியும் சுத்தம் செய்ய இன்னொரு டெண்டர் வரும்.