'தோர்' ஊர்ல வீடு கிடைக்குமா? - பைரன் பேயில் மண்ணின் மைந்தர்கள் படும் பாடு!

'தோர்' ஹீரோ கிறிஸ் ஹெம்ஸ்வொர்த் வீடு கட்டியது எந்த ஊர் பக்கம் தெரியுமா? ஆஸ்திரேலியாவின் பைரன் பே. ஒரு பக்கம் மழைக்காடு, மறுபக்கம் சர்ஃபிங் பீச், நடுவில் கடலுக்குள் நீளும் முனை. அதன் உச்சியில் 1901-ல் கட்டிய வெள்ளை கலங்கரை விளக்கம். இன்ஸ்டா ரீல்ஸுக்குன்னே செஞ்ச மாதிரி ஊர்!

ஆனா, இந்த முனையின் பழைய பெயர் 'வால்கன்'. அரக்வால் எனும் பூர்வகுடிகள் வைத்த பெயர். 1770-ல் கப்பலில் இந்தப் பக்கம் போன கேப்டன் குக், ஒரு ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியின் நினைவாக 'கேப் பைரன்' என மாற்றிவிட்டார்.

சொந்த மண்ணை சொந்தம்னு சொல்லவே அரக்வால் மக்கள் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. 1990-களில் ஆரம்பித்த போராட்டம் அது. இடையில், 2001-ல் அரசோடு ஒப்பந்தம் போட்டு 'அரக்வால் தேசியப் பூங்கா'வை உருவாக்கினார்கள். அரசும் அவர்களும் சேர்ந்தே அதை நிர்வகிக்கிறார்கள். 2019-ல்தான் நீதிமன்றம் அவர்களின் நில உரிமையை அங்கீகரித்தது.

சரி, ஜெயிச்சாச்சுல்ல? அங்கதான் சிக்கல். இந்த உரிமை காடு, கடற்கரை போன்ற பொது நிலங்களுக்குத்தான். ஏற்கெனவே தனியார் பட்டா போட்ட மனைகளை அது தொடாது. அந்த மனைகள்தான் இன்னைக்கு ஆஸ்திரேலியாவின் காஸ்ட்லியான இடங்களில் ஒன்று. டூரிஸ்ட்டுக்கு நாள் வாடகைக்கு விட்டால் லாபம் அதிகம். மாத வாடகைக்கு யார் கொடுப்பாங்க? கஃபேயில் காபி போடுபவர், ஸ்கூல் டீச்சர், கூடவே பூர்வகுடிக் குடும்பங்கள்... எல்லோருக்கும் வீடு தேடுறதே பெரும்பாடு.

அதனால்தான் 2024 செப்டம்பர் முதல் ஒரு கட்டுப்பாடு. ஓனர் தங்காத வீட்டை வருடத்துக்கு 60 நாள்களுக்கு மேல் டூரிஸ்ட்டுக்கு விட முடியாது. பீச்சை ஒட்டிய சில பகுதிகளுக்கு மட்டும் விலக்கு. இதனால் சில வீடுகள் நிரந்தர வாடகைக்குத் திரும்பலாம். ஆனா, வாடகை குறையும்னு எந்த உத்தரவாதமும் இல்லை.

1954 முதல் 1962 வரை இங்கே திமிங்கலங்களை வேட்டையாடினார்கள். இன்னைக்கு அதே திமிங்கலங்களைப் பார்க்கத்தான் கூட்டம் அலைமோதுது. ஆக, ஒரு ஊரால் மாற முடியும். உரிமையை எழுதிக்கொடுத்தாச்சு, அங்கேயே வாழ வழி செஞ்சு கொடுக்கறதுதான் பாக்கி!