வாருங்கள் என்று சொல்லிவிட்டு வாசலை மூடுவதா?

தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கினால் ஒரு வரவேற்புச் செய்தி வந்து விழும். கல்யாணப் பத்திரிகை மாதிரி, எல்லோருக்கும் அதே வாசகம். அதற்கப்புறம்? புதியவர் ஆசையாசையாய்த் தன் ஊர் ஏரியைப் பற்றி நாலு பத்தி எழுதுகிறார். சான்றில்லை, நீக்கப்படலாம் என்று கட்டுரையின் தலையில் ஒரு பட்டை. அதோடு ஆள் காணாமல் போய்விடுகிறார்.

எழுதிப் பழக மணல்தொட்டி இருக்கிறது, சந்தேகம் கேட்க ஒத்தாசைப் பக்கம் இருக்கிறது, கூடிப் பேச ஆலமரத்தடி இருக்கிறது. பெயரெல்லாம் அழகுதான்! ஆனால் எது எங்கே என்று கைபிடித்துக் காட்ட ஆள் வேண்டாமா? பேச்சுப் பக்கத்தில் நான்கு அலைக்குறி போட்டால் கையெழுத்து விழும். இது யாருக்குப் பிறவியிலேயே தெரியும்?

"விதிமுறைகளைப் படித்துவிட்டு வரட்டுமே" என்பார்கள் பழையவர்கள். அவர்கள் எல்லோரும் அப்படிப் படித்துவிட்டா வந்தார்கள்? சம்பளமில்லாத வேலை, வெட்டி ஒட்டுகிறவர்கள் தொல்லை வேறு, வாஸ்தவம்தான். ஆனால் ஆங்கில விக்கிப்பீடியாவைப் பாருங்கள். 2007-க்குப் பிறகு அங்கே தொடர்ந்து எழுதுகிறவர்கள் குறையத் தொடங்கினார்கள். நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் திருத்தங்களைத் தூக்கியெறிந்ததும் முக்கியக் காரணம் என்றது 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்று தனியாக வழிகாட்டலே வைத்திருக்கும் இடத்தில் இந்தக் கதி!

பட்டை ஒட்டும் நேரத்தில் இரண்டு வரி எழுதலாமே: "செய்தித்தாளோ புத்தகமோ ஒரு சான்று கொடுங்கள், எப்படிச் சேர்ப்பது என்று காட்டுகிறேன்." ஏரியைப் பற்றி எழுதியவர் அடுத்து அதன் மதகைப் பற்றியும் எழுத வருவார்.